பால் குடிக்கும் மூளையும் பேராசிரியர் பச்சாவத்தும்

தில்லிப் பல்கலைக் கழகத் தெற்கு வளாகத்தில் உயிர் வேதியியல் பேராசிரியராய் விளங்கி, 1996-ல் மறைந்தவர் பிமல் குமார் பச்சாவத். அவரைப் பற்றி நம் மலரில் எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அவர் தமிழரல்லர்; 1925-ல் கல்கத்தாவில் பிறந்தவர். ஆயினும் தம் வாழ்வின் வளமான ஆண்டுகளை நம் வேலூருக்கே தந்தவர். ஆகவே தமிழ் மாணவர் ஏட்டில் அவருக்கு இடம் கேட்பது முறையே.

இளமையில் அமெரிக்கா சென்று, மைனர் கூன் என்னும் பேராசிரியருடன் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். லியூசின் என்ற அமினோ அமிலம் உடலில் எவ்வாறு சிதைகிறது என்பதே அங்கு ஆய்வு. அதன் வழியில் ஒரு நொதி அகப்பட்டது. எச்.எம்.ஜி. கோ-ஏ என்ற பொருளை இரண்டாக வெட்டும் கத்தரி அது. வெட்டிய துண்டுகளுள் ஒன்று அசிட்டோ அசிட்டேட், அதாவது கீட்டோன். கூன், ராபின்சன் இருவருடனும் சேர்ந்து 1955-ல் இதை வெளியிட்டார். கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன் ஆக்குவதற்கு இந்த வெட்டு இன்றியமையாதது.

கீட்டோன் என்றதும் நீரிழிவு நோயாளியின் சிறுநீர்ச் சோதனைதான் பலருக்கு நினைவு வரும். ஆனால் பால் குடிக்கும் எலிக்குஞ்சைக் கேளுங்கள். வேறு கதை சொல்லும்! பிறந்த அன்று அதன் மூளைக்கு வேண்டிய ஆற்றல் மிகக் குறைவு. பிராணவாயு இல்லாத காற்றில் வளர்ந்த எலி சில நிமிடங்களில் மடிந்துவிடும். அன்று பிறந்த குஞ்சோ ஏறத்தாழ 50 நிமிடம் தாக்குப் பிடிக்கும் என்று ஹிம்விச் குழுவினர் 1941-ல் கண்டனர். சிற்றடுப்புக்குச் சில சுள்ளி போதும் அல்லவா? ஆனால் மூன்றாம் வாரத்திற்குள் கண் திறக்கிறது, காது கேட்கிறது, நரம்புகளுக்கு மயலின் உறை ஏறுகிறது. சிற்றடுப்பு உலைக்களமாகிறது. கினிப்பன்றியோ கண் திறந்தே பிறந்து உடனே ஓடும். இந்த ஏற்றத்தை அது தாய் வயிற்றிலேயே முடித்துவிடுகிறது.

இத்தனைக்கும் விறகு எங்கிருந்து வருகிறது? எலியின் பாலில் கொழுப்பு மிகுதி, சர்க்கரை குறைவு. குஞ்சின் கல்லீரல் அந்தக் கொழுப்பைக் கீட்டோனாக்கி அனுப்ப, மூளை அதை எரிக்கிறது. உறைக்கு வேண்டிய கொழுப்பைக் கட்டவும் எடுத்துக்கொள்கிறது. பால் மறந்ததும் சர்க்கரையே முதன்மையாகிறது. ஆக்ஸ்போர்டில் கிரெப்ஸ் குழுவினர் 1971-ல் இதனை விளக்கினர். பச்சாவத் பதினாறு ஆண்டுகளுக்கு முன் கண்ட நொதி, அந்த விறகு ஆகும் வழியில் நிற்கிறது.

மனிதக் குழந்தைக்கு இது உயிர்ப் பிரச்சினை. வளர்ந்தவரின் மூளை எடையில் நூற்றுக்கு 2 பங்கு. ஆயினும் பிராணவாயுவில் 20 பங்கை அது கொள்கிறது. ஐந்தாறு வயதுக் குழந்தையிடமோ, ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறையப் பாதி மூளைக்கே போகிறது. பச்சாவத் கண்ட நொதி பிறவியிலேயே இல்லாத குழந்தைகளும் உண்டு. 1976-ல் அந்நோய் அறியப்பட்டது. ஒருவேளை பால் தவறினால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கும்; ஈடுசெய்யக் கீட்டோனும் வராது. வலிப்பும் நினைவிழப்பும் வந்துவிடும். காரணம் தெரிந்திருப்பதால் இன்று அக்குழந்தையைப் பட்டினி கிடக்க விடாமல் அடிக்கடி ஊட்டி, லியூசினைக் குறைத்து வளர்க்கிறார்கள்.

அமெரிக்காவில் இத்தகைய பெயர் எடுத்தவர் வேலூருக்கு வந்தாரே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1949-ல் ஜேக்கப் சாண்டி தொடங்கிய நரம்பு அறுவைத் துறையை ஒட்டி மூளை வேதியியல் ஆய்வுக்கூடம் ஒன்றை அமைத்தார். நடை பழகிய குழந்தை மெல்ல மெல்லத் தள்ளாடி, பேச்சிழந்து, படுக்கையில் விழும் ஒரு கொடிய பிறவி நோய் உண்டு. மயலின் உறையிலுள்ள சல்ஃபடைடு என்ற கொழுப்பு சிதையாமல் தேங்குவதால் வருவது அது. சிதைக்க வேண்டிய ஆரில்சல்ஃபடேஸ்-ஏ என்னும் நொதி இக்குழந்தைகளிடம் குன்றியிருப்பதை, அமெரிக்க மருத்துவர் ஆஸ்டினும் பச்சாவத் குழுவும் 1963-ல் கூட்டாக வெளியிட்டனர். அக்கட்டுரையில் பாலசுப்பிரமணியன், பட்டாபிராமன் என்ற பெயர்களைக் கண்டபோது நூலகத்தில் எனக்குள் ஒரு சிறு பெருமிதம்; மறைப்பானேன்? அதற்கு முந்திய ஆண்டே அவருக்குப் பட்நாகர் பரிசு கிடைத்திருந்தது.

பின்னர் கல்கத்தா ஆய்வு நிலையம் ஒன்றின் இயக்குநராயிருந்து, அதன்பின் தில்லி வந்தார். 1990-ல் பத்ம பூஷண் பெற்றார். இங்கும் அவர் கொழுப்பை விடவில்லை. ஆம்ஃபோடெரிசின் என்ற காளான் மருந்து நோயை அழிக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். அதை லிப்போசோம் என்னும் நுண்ணிய கொழுப்புக் குமிழிகளில் பொதிந்து, சிறுநீரகத்துக்குத் தீங்கு குறையும்படி நோயாளிக்குச் செலுத்தும் முறையைத் தெற்கு வளாகத்தில் அவர் குழு உருவாக்கியது.