ஜார்ஜ் பிரசான்ஸ்

ஜார்ஜ் பிரசான்ஸ் (அக்டோபர் 22, 1921 - அக்டோபர் 29, 1981) பிரான்சு நாட்டுப் பாடகரும் பாடலாசிரியரும் கவிஞரும் ஆவார். தாமே எழுதி இசையமைத்த பாடல்களைக் கித்தார் மீட்டிப் பாடினார்.

இவர் தென் பிரான்சின் துறைமுக நகரான செத்தில் பிறந்தார். தந்தை கொத்தனார், தாய் இத்தாலிய வம்சாவளியினர். பள்ளி ஆசிரியர் அல்போன்ஸ் பொனாஃபே இவருக்குக் கவிதையில் ஈடுபாட்டை ஏற்படுத்தினார். 1940 இல் பாரிசில் குடியேறினார்.

நாட்சி செருமனி பிரான்சை ஆக்கிரமித்திருந்தபோது, 1943 இல் கட்டாய உழைப்புக்காக பெர்லினுக்கு அருகிலுள்ள பாஸ்டார்ஃபில் இருந்த விமான எந்திரத் தொழிற்சாலைக்கு அனுப்பப்பட்டார். மறு ஆண்டு விடுப்பில் பாரிசு வந்தவர் திரும்பிச் செல்லவில்லை. ஃபுளோரிமோன் சந்தில் வசித்த ஜான் பிளான்ஷ் என்னும் பெண்மணி இவரைத் தம் வீட்டில் ஒளித்து வைத்தார். மின்சாரமும் குழாய் நீரும் இல்லாத எளிய வீடு அது. போர் முடிந்து, புகழும் பணமும் வந்த பின்னரும் பிரசான்ஸ் 1966 வரை அங்கேயே வாழ்ந்தார். அப்பெண்மணியையும் அவர் கணவர் மார்செலையும் நன்றியுடன் நினைத்து இவர் இயற்றிய பாடல்கள் பெரிதும் போற்றப்படுகின்றன.

மேடைக் கூச்சம் மிக்க இவர், தம் பாடல்களைப் பிறர் பாடுவதையே விரும்பினார். 1952 இல் மோன்மார்த்தரில் இசை விடுதி நடத்திய பாடகி பத்தாஷூவே இவரை மேடையேற்றினார். மரண தண்டனை விதித்த நீதிபதியை எள்ளி நகையாடும் "கொரில்லா" பாடல் வானொலியில் தடை செய்யப்பட்டது. ஆயினும் 1967 இல் பிரெஞ்சு அக்காதெமி தனது கவிதைப் பெரும் பரிசை இவருக்கே வழங்கியது. வியோன், விக்டர் ஹியூகோ, பால் ஃபோர் ஆகியோரின் கவிதைகளுக்கும் இவர் இசையமைத்துள்ளார்.

புற்றுநோயால் 60 ஆவது வயதில் காலமானார். செத் கடற்கரையில் புதைக்கப்பட வேண்டுமென்று 1966 இல் ஒரு பாடலில் கேட்டிருந்தார். உடல் அந்நகரின் லெ பீ கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது.