வெறுங்கால் அணியை ஆசிய சாம்பியன் ஆக்கிய வாத்தியார்: யார் இந்த ரஹீம்?

உலகக் கோப்பை சீசன் வந்துவிட்டால் திருப்பூரில் ஜெர்சி ஆர்டர் களைகட்டும். அர்ஜென்டினா, பிரேசில் நிறங்களில் பனியன் துணி மலைபோல் குவியும். ஆனால் அந்தத் துணியைத் தைக்கிற நம்ம நாடு மட்டும் உலகக் கோப்பையில் ஒரு முறைகூட ஆடியதில்லை. ஆசிய விளையாட்டுப் போட்டியின் கால்பந்தில் இந்தியா கடைசியாகத் தங்கம் வென்றது 1962-ல்.

அந்தத் தங்கத்துக்குப் பின்னால் இருந்தவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். பெயர் சையத் அப்துல் ரஹீம். 2024-ல் அஜய் தேவ்கன் நடித்து வெளியான 'மைதான்' இந்திப் படம் இவரைப் பற்றியதுதான். அப்படி என்னங்க செஞ்சார் இவர்?

யார் இந்த ரஹீம்?

1909 ஆகஸ்ட் 17 அன்று ஹைதராபாத்தில் பிறந்தவர் ரஹீம். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்தார். கால்பந்தும் ஆடினார். ஆனால் சோறு போட்டது ஆசிரியர் வேலை. ஹைதராபாத் பள்ளிகளில் பாடம் நடத்தினார், பிறகு உடற்கல்விப் பயிற்சியும் முடித்தார்.

ஆட்டக்காரராக அவர் பெரிய நட்சத்திரம் இல்லை. ஆனால் பையன்களுக்குப் புரியும்படி சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர். பின்னாளில் இந்திய அணிக்கே கைகொடுத்தது அந்த வாத்தியார் வேலைதான்.

புது கோச்சின் முதல் சீசன்

1950-ல் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியின் பயிற்சிப் பொறுப்பு ரஹீமிடம் வந்தது. அன்றைக்கு இந்தியக் கால்பந்து என்றால் கல்கத்தாதான். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் போன்ற கிளப்களுக்குத்தான் பெயர், பணம், கூட்டம் எல்லாம். ஹைதராபாத் அணியில் இருந்தவர்கள் போலீஸ் வேலை பார்த்துக்கொண்டே பந்து ஆடியவர்கள்.

ஆனால் அந்த முதல் சீசனிலேயே பம்பாயில் நடந்த ரோவர்ஸ் கோப்பையை ஹைதராபாத் போலீஸ் வென்றது. அதே சீசனில் மோகன் பகானை வீழ்த்தி டூரண்ட் கோப்பையையும் தூக்கியது. ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து வருஷம் அந்த அணி யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

என்ன மாற்றினார்?

இதை ஒரு பனியன் கம்பெனி லைனை வைத்துப் பார்த்தால் எளிதாகப் புரியும். ஒரு டெய்லர் எவ்வளவு வேகமாகத் தைத்தாலும், பீஸ் அவர் டேபிளிலேயே தங்கிவிட்டால் அடுத்த டேபிள் சும்மா இருக்கும். பீஸ் நகர்ந்தால்தான் லைன் ஓடும்.

ரஹீமின் கணக்கும் அதுதான். அந்தக் காலத்தில் பந்தை ஒருவரே உருட்டிக்கொண்டு நாலு பேரைத் தாண்டிப் போவதைத்தான் கூட்டம் ரசிக்கும். ரஹீம் அதைக் குறைத்தார். பந்து வந்தவுடன் அடுத்தவருக்குத் தட்டிவிட வேண்டும் என்று பழக்கினார். பந்தை உருட்டிக்கொண்டு ஓடவே கூடாது என்ற விதியோடு இளம் வீரர்களுக்குப் போட்டிகள் நடத்தினார். வலது கால்காரர்கள் இடது காலாலும் அடிக்கப் பழக வேண்டும் என்று பயிற்சி கொடுத்தார்.

இன்னொரு விஷயம், ஆளைக் கண்டுபிடிப்பது. துளசிதாஸ் பலராம் செகந்திராபாத் பக்கம் குடியிருந்த ஏழைத் தமிழ்க் குடும்பத்துப் பையன். பயிற்சி நடக்கும் இடம் அவருக்கு வெகு தூரம். வாடகை சைக்கிளுக்குக் காசு கொடுத்து அவரை வரவழைத்தார் ரஹீம். இந்தியக் கால்பந்தின் மிகச் சிறந்த முன்கள வீரர்களில் ஒருவராக அந்தப் பையன் வளர்ந்தார்.

ஹெல்சிங்கியில் வாங்கிய அடி

கிளப் வெற்றியோடு ரஹீமுக்கு இந்திய அணியின் பொறுப்பும் வந்தது. 1951-ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என்று வென்று இந்தியா தங்கம் வாங்கியது. நம்ம வீரர்களில் பலர் அப்போது வெறுங்காலோடு ஆடினார்கள்.

அடுத்த வருஷமே பெரிய அடி விழுந்தது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோல்வி. பின்லாந்தின் குளிரில், பூட்ஸ் போட்ட எதிரணிக்கு முன்னால் வெறுங்கால் ஆட்டம் எடுபடவில்லை. அதன்பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் ஆனது.

இப்படித் தோற்றால் முதலில் பலியாவது கோச்சின் வேலை. ஆனால் ரஹீம் தொடர்ந்தார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அதன் பலன் தெரிந்தது. ஆஸ்திரேலியாவை 4-2 என்று இந்தியா வென்றது, நெவில் டிசோசா ஹாட்ரிக் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய நாடு இந்தியாதான். கடைசியில் கிடைத்தது நான்காவது இடம்.

1960 ரோம் ஒலிம்பிக்கில் பிரான்ஸோடு 1-1 டிரா. அந்த அணியில் ரஹீமின் மகன் சையத் ஷாஹித் ஹக்கீமும் இருந்தார். ஆனால் ஒரு ஆட்டத்தில்கூட அவர் களமிறக்கப்படவில்லை.

ஜகார்த்தாவில் நடந்தது என்ன?

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டிக்குப் போகும்போது ரஹீமின் உடம்பைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் இந்தியா 2-0 என்று தோற்றது. பிறகு தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0, அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2 என்று வென்று இறுதிக்கு வந்தது. எதிரில் மறுபடியும் அதே தென்கொரியா.

அணியின் நிலைமை மோசம். தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கின் தலையில் காயம், தையல் போட்டிருந்தார்கள். கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் காய்ச்சலில் படுத்து எழுந்தவர். இந்தத் தங்கராஜ் நம்ம பக்கத்துக்கும் சொந்தக்காரர்தான். குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணிக்கு ஆடி வளர்ந்தவர்.

வெளியிலும் சிக்கல். இஸ்ரேல், தைவான் அணிகளுக்கு இந்தோனேசியா விசா கொடுக்கவில்லை. அதை இந்திய விளையாட்டு நிர்வாகி குரு தத் சோந்தி எதிர்த்தார். அதனால் ஜகார்த்தாவில் இந்தியாமேல் கோபம் கொதித்தது, இந்தியத் தூதரகம்கூடத் தாக்கப்பட்டது. செப்டம்பர் 4, இறுதி ஆட்டத்தில் சுமார் 1 லட்சம் பேர் திரண்ட மைதானமே இந்தியாவுக்கு எதிராகக் கத்தியது. இந்தியாவுக்காகக் கைதட்டியவர்களில் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்களும் உண்டு.

ரஹீம் ஒரு துணிச்சலான முடிவு எடுத்தார். தலையில் கட்டோடு இருந்த ஜர்னைல் சிங்கைத் தடுப்பாட்டத்தில் நிறுத்தாமல் முன்கள வீரராக இறக்கினார். தங்கராஜைக் கோலுக்கு முன் நிறுத்தினார். முதல் 20 நிமிஷத்துக்குள் பி.கே. பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் சிங் ஒரு கோல். கடைசி நேரத்தில் தென்கொரியா ஒன்றைத் திருப்பினாலும் இந்தியா 2-1 என்று வென்றது.

அதற்குப் பிறகு?

ரஹீம் ஊர் திரும்பிய பிறகு நோய் முற்றியது. 1963 ஜூன் 11 அன்று இறந்தார். வயது 53. தங்கம் வென்று ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. சிறந்த பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சார்யா விருது தொடங்கப்பட்டதே 1985-ல்தான், அவர் போய் 22 வருஷம் கழித்து.

அவர் தயார் செய்த வீரர்கள் இருந்தவரை அணி ஓடியது. 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம், 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் வெண்கலம். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியாவுக்குக் கிடைத்த கடைசிப் பதக்கம் அதுதான்.

ஏன் இவர் கதை இப்போதும் முக்கியம்?

இன்று இந்திய அணிக்குப் பூட்ஸ் இருக்கிறது, ஜெர்சி இருக்கிறது, வெளிநாட்டு கோச்சுகளும் வந்து போகிறார்கள். ரஹீம் தொடங்கியபோது வீரர்களில் பலர் வெறுங்காலோடுதான் ஆடினார்கள். அவரிடம் இருந்தது தொடர்ச்சி. தெருவில் பையனைக் கண்டுபிடிப்பது, கிளப்பில் பழக்குவது, நாட்டுக்கு ஆட வைப்பது என மூன்றையும் ஒரே ஆள் 13 வருஷம் செய்தார். 10-1 என்று தோற்ற பிறகும் அவருக்கு அவகாசம் கிடைத்தது, பத்து வருஷத்தில் தங்கம் வந்தது.

ஒரு சீசனில் கோப்பை வரவில்லை என்றால் கோச்சை மாற்றச் சொல்வது இப்போது சகஜம். ரஹீமுக்கு முதல் சீசனிலேயே கோப்பை வந்தது உண்மைதான். ஆனால் இன்றுவரை அவரை நினைக்க வைப்பது, ஹெல்சிங்கிக்கும் ஜகார்த்தாவுக்கும் நடுவில் அவர் பார்த்த அந்தப் பத்து வருஷ வேலை.