எடிசனும் திரும்பச் சார்ஜ் ஏறும் பேட்டரியும்



எடிசன் என்றவுடன் நம் எல்லோருக்கும் குண்டு பல்புதான் ஞாபகம் வரும். ஆனால் அவர் பல வருஷம் பாடுபட்டது இன்னொரு பொருளுக்காக. காலியானால் தூக்கிப் போடாமல், மறுபடி சார்ஜ் ஏற்றிப் பயன்படுத்தும் பேட்டரிதான் அது. அந்தக் கதையோடு சேர்த்து அவர் வாழ்க்கையை இங்கே எழுதுகிறேன்.

இளமை

தாமஸ் ஆல்வா எடிசன் 1847 பிப்ரவரி 11 அன்று அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் மிலான் என்ற ஊரில் பிறந்தார். பள்ளிக்கூடம் போனது சில மாதங்கள்தான். ஆசிரியையாக இருந்த அம்மா நான்சி வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். 12 வயதில் ரயிலில் பேப்பரும் மிட்டாயும் விற்றார். சின்ன வயதிலேயே காது சரியாகக் கேட்காமல் போனது.

1862-ல் ஒரு ஸ்டேஷன் மாஸ்டரின் குழந்தை தண்டவாளத்தில் விளையாடிக் கொண்டிருந்தது. ரயில் பெட்டி ஒன்று உருண்டு வருவதைப் பார்த்த எடிசன் ஓடிப் போய் குழந்தையைத் தூக்கிக் காப்பாற்றினார். அதற்கு நன்றியாக அந்த ஸ்டேஷன் மாஸ்டர் அவருக்குத் தந்தி அடிக்கக் கற்றுக் கொடுத்தார்.

அந்தக் காலத்தில் தந்தி ஓடியது பேட்டரியில்தான். அதனால் எடிசனுக்குப் பேட்டரி மேல் ஆசை வந்தது. 1867-ல் லூயிவில் நகரத்தில் ராத்திரி வேலையின்போது பேட்டரியை வைத்துச் சோதனை செய்தார். அமிலம் தரையில் கொட்டி, பலகை இடுக்கு வழியாகக் கீழ் மாடியில் இருந்த மேலதிகாரியின் மேஜை மேல் ஒழுகிவிட்டது. மறுநாள் காலையில் வேலை போச்சு!

அதற்குப் பிறகு 1876-ல் மென்லோ பார்க்கில் ஆய்வுக்கூடம், 1877-ல் ஒலிப்பதிவுக் கருவி, 1879-ல் மின்விளக்கு. இதெல்லாம் நமக்குத் தெரிந்ததுதான்.

பேட்டரியோடு போராட்டம்

திரும்பச் சார்ஜ் ஏற்றும் பேட்டரியை முதலில் செய்தவர் எடிசன் இல்லை. 1859-லேயே பிரான்ஸ் நாட்டு காஸ்டன் பிளான்டே ஈயத் தகட்டையும் கந்தக அமிலத்தையும் வைத்துச் செய்துவிட்டார். இன்றைக்கு வீட்டு இன்வெர்ட்டரிலும் லாரியிலும் இருக்கிற பேட்டரி அந்த வகைதான். ஆனால் ஈயம் ரொம்ப கனம், அமிலமோ அரிக்கும். கனமில்லாத, அமிலம் இல்லாத பேட்டரி வேண்டும் என்று எடிசன் நினைத்தார். மின்சாரக் கார்களுக்கு அது உதவும் என்பது அவர் எண்ணம்.

1899 வாக்கில் வேலையைத் தொடங்கினார். அமிலத்துக்குப் பதில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்த கார நீரை எடுத்துக்கொண்டார். அதில் எந்த உலோகம் நிற்கும் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஆயிரக்கணக்கான தடவை தோற்றும் எடிசன் விடவில்லை என்ற கதையை நாம் பல்புக்குச் சொல்கிறோம் அல்லவா? 1910-ல் வந்த அவரது வாழ்க்கை வரலாற்றில் அந்தக் கதை பேட்டரியைப் பற்றித்தான் இருக்கிறது. ஒன்பதாயிரத்துக்கு மேல் சோதனை நடந்தும் பலன் இல்லை என்று அதில் வருகிறது.

கடைசியில் நிக்கலும் இரும்பும் கிடைத்தன. 1903-ல் பேட்டரி விற்பனைக்கு வந்தது. ஆனால் சீக்கிரமே சில பேட்டரிகள் ஒழுக ஆரம்பித்தன, சில சக்தி குறைந்தன. வாங்க ஆட்கள் இருந்தும் எடிசன் தொழிற்சாலையை நிறுத்தினார். குறையுள்ள பேட்டரிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டார். மறுபடியும் முதலிலிருந்து சோதனை. 1909-ல்தான் புதிய பேட்டரி வெளிவந்தது. எனக்கு எடிசனிடம் மிகவும் பிடித்தது இதுதான். பெயர் பெற்ற மனிதர், எப்படியோ விற்றுத் தீர்த்திருக்கலாம். செய்யவில்லை.

ஆனால் அதற்குள் பெட்ரோல் கார் பரவிவிட்டது. அவர் நினைத்தபடி கார்களில் அது ஜெயிக்கவில்லை. பதிலாக ரயில்வேயிலும், சுரங்கத் தொழிலாளர்களின் தலை விளக்கிலும் பயன்பட்டது.

அதே காலத்தில் ஸ்வீடன் நாட்டில் வால்டெமார் யுங்னர் என்பவரும் 1899-ல் நிக்கல், காட்மியம் வைத்து ஒரு பேட்டரி செய்தார். இருவருக்கும் காப்புரிமை வழக்கே நடந்தது. நாம் அவரையும் மறக்கக் கூடாது.

நம் பக்கத்துக் கடலில்

இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காடுதான் எங்க அம்மா பிறந்த ஊர். அங்கே எங்க மாமா கடலுக்குப் போகும்போது கையில் பிடிக்கிற ஜிபிஎஸ் கருவி எடுத்துப் போவார். அதில் இரண்டு பென்சில் செல் போடணும். ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தில் மணல் திட்டு உண்டு. இருட்டில் வழி தப்பினால் படகு தட்டிவிடும். அதனால் வழியை அந்தக் கருவியில் குறித்து வைத்திருக்கிறார்.

ஒருமுறை எப்போதோ சார்ஜ் போட்டு வைத்த செல்லை அப்படியே எடுத்துப் போய்விட்டார். நடுக்கடலில் கருவி அணைந்துவிட்டது. கலங்கரை விளக்கத்தின் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கரை வந்து சேர்ந்தார். வீட்டில் எல்லோரும் பயந்தே போனோம்.

அந்த சார்ஜ் செல்லின் பெயர் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. அதன் ஒரு முனையில் எடிசனும் யுங்னரும் பயன்படுத்திய அதே நிக்கல் ஹைட்ராக்சைடு, உள்ளே அதே பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. மறுமுனையில் மட்டும் இரும்புக்கும் காட்மியத்துக்கும் பதில் ஹைட்ரஜனை உறிஞ்சி வைக்கும் உலோகக் கலவை இருக்கிறது. கரண்ட் எடுக்கும்போது இந்தப் பொருள்கள் மாறும். சார்ஜர் கரண்டைத் திருப்பி அனுப்பும்போது பழையபடி ஆகும்.

தெரிந்து கொள்ளுங்கள்

1. சாதாரண செல் 1.5 வோல்ட். சார்ஜ் செல் 1.2 வோல்ட். ஜிபிஎஸ் கருவியில் எந்த வகை செல் என்று தேர்வு செய்யும் வசதி இருந்தால் சரியாக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்பதைத் தப்பாகக் காட்டும்.

2. சார்ஜ் செல் சும்மா வைத்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். கிளம்புவதற்கு முன் சார்ஜ் போடணும். 2005 முதல் மெதுவாக இறங்கும் வகையும் வந்திருக்கிறது.

3. சாதாரண செல்லைச் சார்ஜரில் போடவே கூடாது. ஒழுகலாம், வெடிக்கவும் செய்யலாம்.

4. பழைய செல்லையும் புது செல்லையும் சேர்த்துப் போடக் கூடாது.

5. எப்போதும் இன்னொரு ஜோடி செல் கையில் இருக்க வேண்டும்.

முடிவு

1914 டிசம்பர் 9 அன்று எடிசனின் தொழிற்கூடத்தில் பல கட்டடங்கள் தீயில் எரிந்தன. 67 வயதில் மறுபடியும் கட்டினார். அமெரிக்காவில் மட்டும் 1,093 காப்புரிமைகள் பெற்ற அவர் 1931 அக்டோபர் 18 அன்று மறைந்தார்.

பரிட்சையில் மார்க் குறைந்தால் நாம் உடனே சோர்ந்து போகிறோம். பேட்டரி மாதிரிதான் மனசும். இறங்குவது தப்பில்லை, மறுபடி ஏற்றிக்கொள்ள வேண்டும். தப்பு தெரிந்தால் மறைக்காமல் நிறுத்தித் திருத்த வேண்டும். எடிசன் வாழ்க்கை நமக்குச் சொல்லும் பாடம் இதுவே.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
பெரியபாளையம்.