மருத்துவமனைக்கு அனுப்பப்பட்ட கொலையாளி

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 1997இல் ஒரு மனநல நீதிமன்றம் தொடங்கியது. சிறைக்கு மாற்றாக, நீதிபதியின் கண்காணிப்பில் சிகிச்சை என்பது அதன் ஏற்பாடு. முதலில் வன்முறை கலவாத சிறு குற்றங்களுக்கே அங்கு இடமிருந்தது. பின்னர் வேறு சில இடங்களில் கடுங்குற்றங்களும் ஏற்கப்பட்டன. ஆயினும் சிறு குற்றவாளிகளே இம்முறையால் மிகுந்த பயன்பெறுவர் என்ற எண்ணம் இன்னும் அகலவில்லை. டாக்டர் வில்லியம் செஸ்டர் மைனரின் வாழ்க்கை அவ்வெண்ணத்தை ஐயுற வைக்கிறது.

மைனர் 1834இல் இலங்கையில் பிறந்தவர். தந்தை யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகத்தைக் கவனித்தவர். யேலில் மருத்துவம் கற்ற மகன், உள்நாட்டுப் போரில் இராணுவ மருத்துவரானார். பிறகு, மறைந்திருந்து சிலர் தம்மை வதைப்பதாக நம்பலானார். வாஷிங்டன் மனநல மருத்துவமனையிலும் நோய் தணியவில்லை. இராணுவம் ஓய்வூதியம் அளித்து விடுவித்தது. லண்டன் சென்றவர், இரவில் தம் அறைக்குள் ஆட்கள் புகுவதாகக் காவல்துறையிடமே முறையிட்டார். அம்முறையீடு சிகிச்சைக்கு வழி திறக்கவில்லை.

1872 பிப்ரவரி 17 அதிகாலையில், வேலைக்குச் சென்றுகொண்டிருந்த ஜார்ஜ் மெரட் என்ற தொழிலாளியை லாம்பெத் தெருவில் சுட்டுக்கொன்றார். மெரட்டுக்கு ஆறு குழந்தைகள், மனைவி கருவுற்றிருந்தார். சித்தம் கலங்கியவர் என்பதால் குற்றவாளியல்லர் என ஜூரிகள் முடிவு கூற, பிராட்மூருக்கு அனுப்பப்பட்டார். அது இன்றைய பொருளில் சமூகத்தோடு இணைந்த சிகிச்சையன்று. உயர்ந்த மதிலுக்குள் அமைந்த காவல் மருத்துவமனை.

ஆயினும் அங்கேதான், ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்கு உதவ ஆர்வலர்களை அழைத்த செய்தியைக் கண்டு, பழைய நூல்களிலிருந்து சொல்லாட்சிகளைத் திரட்டி ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரேக்கு அனுப்பத் தொடங்கினார். அகராதியின் தலைசிறந்த பங்களிப்பாளர்களுள் ஒருவரானார். மெரட்டின் மனைவியே அவரைக் காண வந்தார், நூல்களும் கொணர்ந்தார்.

அவர் குணமடைந்தார் என்று எவரும் கூற முடியாது. இரவுநேரப் பிரமைகள் நீடித்தன. 1902இல் தம் உறுப்பைத் தாமே அறுத்துக்கொண்டார். ஆனால் பகல்களுக்கு ஓர் ஒழுங்கு கிடைத்தது. குற்றம் எவ்வளவு சிறிது என்பதைவிட, அது எவ்வளவு நேராக நோயிலிருந்து விளைந்தது என்பதே பயனை நிர்ணயிக்கிறது என்பது என் கருத்து. இன்னொன்றையும் மறைக்கலாகாது: ஓய்வூதியம் இருந்ததால்தான் அவருக்கு இரண்டு அறைகளும் அலமாரி நிறைய நூல்களும் வாய்த்தன.

1910இல் உள்துறை அமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில் அவரை அமெரிக்காவுக்கு அனுப்ப ஆணையிட்டார். பத்தாண்டுகள் கழித்து, கனெக்டிகட் மாநிலத்தில் மைனர் காலமானார்.