ஹெலன் கெல்லரும் அவர்தம் ஆசிரியையும்

விடியற்காலையில் மழை பெய்கின்றது. இன்று பால்வெட்டு இல்லை, ஒரு நாள் கூலி போயிற்று என்று ஒருவர் மனம் சோர்கின்றார். மண் குளிர்ந்தது, மரம் தழைக்கும் என்று மற்றொருவர் மகிழ்கின்றார். மழை ஒன்றே, அதனைக் காணும் உள்ளங்களோ இரண்டு. இவ்வாறு மாந்தரை நன்னம்பிக்கை உடையோர் என்றும் அவநம்பிக்கை உடையோர் என்றும் இரு கூறாகப் பிரித்துப் பேசுவது உலக வழக்கம். இவ்விரு சாராருள் நாம் யார் என்று நம்மை நாமே வினவிக் கொள்வதும் உண்டு. அவ்வினாவிற்கு விடை காண, நன்னம்பிக்கையின் உருவம் என்று உலகம் போற்றும் ஹெலன் கெல்லர் அம்மையாரின் வரலாற்றை ஈண்டுக் கூற விழைகின்றோம். அவரை உருவாக்கிய ஆசிரியையின் வரலாற்றையும் உடன் சேர்த்தே கூறுவோம். ஒன்றை விடுத்து மற்றொன்றை மட்டும் அறிந்தால் விடை பாதியாகவே நிற்கும்.

இருண்ட இளமை

ஹெலன், அமெரிக்க நாட்டின் அலபாமா மாநிலத்திலுள்ள டஸ்கம்பியா என்னும் சிற்றூரில் 1880ஆம் ஆண்டு ஜூன் மாதம் 27ஆம் நாள் பிறந்தார். தந்தையார் ஆர்தர் கெல்லர் படையில் அதிகாரியாய் இருந்து, பின்னர்ச் செய்தித்தாள் நடத்தியவர். தாயார் பெயர் கேட். குழந்தைக்கு 19 மாதம் ஆனபோது கடுங்காய்ச்சல் ஒன்று கண்டது. உயிர் பிழைப்பது அரிது என்று மருத்துவர் எண்ணினார். ஆயினும், காய்ச்சல் வந்தது போலவே திடீரென நீங்கிற்று. பெற்றோர் மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. கண்ணருகே கையை அசைத்தாலும் குழந்தையின் இமை மூடவில்லை; மணியோசை எழுந்தாலும் தலை திரும்பவில்லை. கண்ணும் செவியும் ஒருசேரப் பறிபோயின. செவி கேளாத குழந்தை பேச்சைக் கற்பது எங்ஙனம்? ஆகவே, வாயும் அடைபட்டது.

தாம் எண்ணியதைப் பிறருக்கு உணர்த்த இயலாத சினத்தால் ஹெலன் கையில் அகப்பட்டதை வீசி எறிவார். தரையில் புரண்டு அழுவார். உணவு வேளையில் பிறர் தட்டுகளில் கைவிட்டு எடுத்து உண்பார். இக்குழந்தைக்கு அறிவு வளராது என்று உறவினரும் எண்ணலாயினர். தாயார் மட்டும் மனம் தளரவில்லை. ஆங்கில எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய அமெரிக்கப் பயண நூலில், கண்ணும் செவியும் இழந்த லாரா பிரிட்ஜ்மன் என்னும் பெண் கல்வி பெற்ற செய்தியை அவர் படித்திருந்தார்.

1886ஆம் ஆண்டு தந்தையார் ஹெலனைக் கண் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றார். மருத்துவத்தால் பயனில்லை என்று கூறிய அவர், தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல்லைக் காணுமாறு அனுப்பினார். செவி கேளாதோர் கல்வியில் பெரிதும் ஈடுபாடு கொண்டவர் பெல். பாஸ்டன் நகரிலிருந்த பெர்க்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளிக்கு எழுதுமாறு அவர் வழிகாட்டினார். அப்பள்ளியின் தலைவர், தம் பழைய மாணவி ஒருவரை ஆசிரியையாக அனுப்ப இசைந்தார். அவரே ஆன் சலிவன்.

ஆசிரியை கடந்து வந்த பாதை

ஆன் சலிவன் 1866ஆம் ஆண்டு, அயர்லாந்திலிருந்து பிழைப்பு நாடி அமெரிக்கா வந்த ஏழைப் பெற்றோருக்குப் பிறந்தார். 5 வயதளவில் கண்ணோய் பற்றிப் பார்வை மங்கிற்று. 8 வயதில் தாயை இழந்தார். பின்னர்த் தந்தையும் பிள்ளைகளைக் கைவிட்டார். 1876ஆம் ஆண்டு ஆனும் அவருடைய தம்பி ஜிம்மியும் டியூக்ஸ்பரி என்னும் ஊரிலிருந்த ஏழையர் விடுதிக்கு அனுப்பப்பட்டனர். நோயாளிகளும் மனநலம் குன்றியோரும் ஆதரவற்ற முதியோரும் ஒருங்கே வைக்கப்பட்டிருந்த இடம் அது. சில மாதங்களுக்குள் தம்பி இறந்தான். துணையென்று இருந்த ஒருவனையும் இழந்த அச்சிறுமிக்கு, உலகம் நல்லது என்று நம்புவதற்கு என்ன காரணம் இருந்திருக்கும்?

நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1880ஆம் ஆண்டு அவ்விடுதியைப் பார்வையிட மேலதிகாரிகள் வந்தனர். முகங்களைத் தெளிவாகக் காண இயலாத ஆன், அக்கூட்டத்தினிடையே புகுந்து, தாம் பள்ளிக்குச் செல்ல வேண்டும் என்று கதறினார். அவ்வேண்டுகோள் பலித்தது. 14 வயதாகியும் தம் பெயரை எழுத அறியாதவராய்ப் பெர்க்கின்ஸ் பள்ளியில் சேர்ந்தார். அறுவை மருத்துவத்தால் ஓரளவு பார்வை திரும்பிற்று. 1886ஆம் ஆண்டு தம் வகுப்பின் முதல் மாணவியாய்த் தேறி வெளிவந்தார்.

நீர் என்னும் சொல்

1887ஆம் ஆண்டு மார்ச் மாதம் 3ஆம் நாள் ஆன் சலிவன் டஸ்கம்பியா வந்து சேர்ந்தார். ஆசிரியைக்கு அப்போது வயது 20, மாணவிக்கு 6. பெர்க்கின்ஸ் பள்ளிப் பிள்ளைகள் அளித்த பொம்மையை ஹெலனிடம் கொடுத்து, பொம்மை என்னும் சொல்லை அவருடைய உள்ளங்கையில் விரலெழுத்தால் எழுதிக் காட்டினார். ஹெலன் அதனை ஒரு விளையாட்டாக எண்ணித் திருப்பி எழுதினாரேயன்றி, ஒவ்வொரு பொருளுக்கும் பெயர் உண்டு என்பதை உணரவில்லை.

பிடிவாதமும் குறையவில்லை. ஒருமுறை ஹெலன் ஆசிரியையை அறைக்குள் வைத்துப் பூட்டிச் சாவியையும் ஒளித்துவிட்டார். தந்தையார் ஏணி வைத்துச் சன்னல் வழியாக ஆசிரியையை இறக்க நேர்ந்தது! வீட்டார் செல்லம் கொடுக்கும் வரையில் குழந்தை திருந்தாது என்று கண்ட ஆன், தோட்டத்தை அடுத்திருந்த சிறு வீட்டில் ஹெலனுடன் இரு வாரம் தனித்துத் தங்கினார். சொற்கள் நாள்தோறும் உள்ளங்கையில் எழுதப்பட்டன. பொருள் விளங்கிய அறிகுறி ஒன்றும் தோன்றவில்லை. ஆசிரியை நிறுத்தவும் இல்லை. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது நம் பழமொழியன்றோ?

ஏப்ரல் மாதம் 5ஆம் நாள், கிணற்றடிக் குழாயில் ஒருவர் நீர் இறைத்துக் கொண்டிருந்தார். ஆன், ஹெலனின் ஒரு கையை விழும் நீரில் பிடித்து, மறு கையில் நீர் என்னும் சொல்லை எழுதினார். முதலில் மெதுவாக, பின்னர் விரைவாக. ஹெலன் அசையாது நின்றார். கையில் குளிர்ந்து ஓடும் இப்பொருளின் பெயரே இவ்வெழுத்துகள் என்பது அவருக்கு அந்நொடியில் விளங்கிற்று. உடனே நிலத்தைத் தொட்டு அதன் பெயரைக் கேட்டார். குழாயின் பெயரைக் கேட்டார். இறுதியில் ஆசிரியையைச் சுட்டி அவர் பெயரையும் கேட்டார். சில மணி நேரத்திற்குள் ஏறத்தாழ 30 சொற்களைக் கற்றார். ஒரு திங்களுக்கு மேலாக விளைவு காணாத உழைப்பு அன்று பலன் தந்தது.

நன்னம்பிக்கை என்னும் நூல்

அதன்பின் ஹெலனின் கல்வி தடையின்றி வளர்ந்தது. விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் புள்ளியெழுத்தைக் கற்றார். 1890ஆம் ஆண்டு வாயால் பேசவும் பயிற்சி பெறத் தொடங்கினார். 1900ஆம் ஆண்டு ராட்கிளிஃப் மகளிர் கல்லூரியில் சேர்ந்தார். பேராசிரியர்கள் கூறியவற்றை எல்லாம் ஆன் அவருடைய கையில் எழுதினார். பிரெயிலில் கிடைக்காத நூல்களைத் தம் நலிந்த கண்களால் படித்துச் சொன்னார். 1904ஆம் ஆண்டு ஹெலன் சிறப்புடன் இளங்கலைப் பட்டம் பெற்றார். கண்ணும் செவியும் இழந்தோருள் அப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே.

கல்லூரியில் பயிலும்போதே, 1903ஆம் ஆண்டு, தம் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். அதே ஆண்டில் நன்னம்பிக்கை என்னும் பொருள் பற்றியே ஒரு சிறு நூலையும் எழுதினார். துன்பத்தை அறியாதவர் கொள்ளும் நம்பிக்கை உறுதியற்றது என்பது அந்நூலில் அவர் வலியுறுத்திய கருத்துகளுள் ஒன்று.

ஈண்டு ஒரு வியப்பைக் காண்கின்றோம். ஹெலன் இத்தகைய நூலை எழுதினார். ஆனால், அவருக்கு எழுத்தறிவித்த ஆன் சலிவனோ அந்நம்பிக்கையைப் பகிர்ந்து கொண்டவர் அல்லர். உலகம் நல்வழியில் செல்கின்றது என்று அவர் எளிதில் ஏற்பதில்லை. மனச்சோர்வு அவரை அடிக்கடி வாட்டியது. டியூக்ஸ்பரியில் பட்ட துயரங்களை ஹெலனிடமும் நெடுங்காலம் மறைத்து வைத்திருந்து, முதுமையிலேயே வெளியிட்டார். நீங்கள் எக்கூற்றினர் என்று இருவரையும் கேட்டிருந்தால் இருவேறு விடைகளே கிடைத்திருக்கும். ஆயினும், ஏறத்தாழ 50 ஆண்டுகள் அவ்விருவரும் இணைந்தே வாழ்ந்தனர்.

சோதனைக்கு உள்ளான நம்பிக்கை

ஹெலனின் நம்பிக்கை வெறும் சொல்லாக நின்றுவிடவில்லை. பார்வை இழப்பின் காரணங்களை ஆராய்ந்த அவர், வறுமையாலும் தொழிற்சாலை விபத்துகளாலும் கண்ணிழப்போர் பலர் என்று அறிந்தார். பிறக்கும்போதே தொற்றும் நோயால் குருடாகும் குழந்தைகள் பலர் என்பதும், பிறந்தவுடன் கண்ணில் இடும் ஒரு சொட்டு மருந்தால் அதனைத் தடுக்கலாம் என்பதும் அவர் உள்ளத்தைத் தைத்தன. அந்நோயைப் பற்றிப் பலர் அறியப் பேசுவதே நாணத்தக்கது என்று கருதப்பட்ட அக்காலத்தில், அவர் பெண்கள் இதழில் துணிந்து எழுதினார்.

1909ஆம் ஆண்டு சமதர்மக் கட்சியில் சேர்ந்து தொழிலாளர் நலனுக்காகவும் பேசலானார். முன்னர் அவரைப் புகழ்ந்த செய்தித்தாள் ஒன்றே, உடற்குறையால் அவர் தவறான முடிவுக்கு வந்தார் என்று இகழ்ந்தது. ஹெலன் வாளா இருக்கவில்லை. தக்க விடை எழுதினார். 1924ஆம் ஆண்டு முதல் அமெரிக்கப் பார்வையற்றோர் அறக்கட்டளைக்காக ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டினார்.

1936ஆம் ஆண்டு, பார்வையை முற்றும் இழந்திருந்த ஆன் சலிவன் மறைந்தார். அவருடைய வரலாற்றை எழுதுவதைத் தம் கடமையாகக் கொண்டார் ஹெலன். பல ஆண்டுகள் பாடுபட்டு எழுதி வந்த அக்கையெழுத்துப் படி, 1946ஆம் ஆண்டு அவர் ஐரோப்பாவில் இருந்தபோது, வீடு தீப்பற்றியதால் எரிந்து சாம்பலாயிற்று. அப்போது அவருக்கு வயது 66. வேறொருவராயின் அத்துடன் கைவிட்டிருப்பர். அவர் மீண்டும் முதலிலிருந்து எழுதினார். 1955ஆம் ஆண்டு அந்நூல் வெளிவந்தது.

இதனிடையே அவர் ஓய்ந்தும் இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டு சப்பானுக்குச் சென்று, அணுகுண்டால் அழிந்த இரோசிமா, நாகசாகி நகரங்களைக் கண்டார். மனிதர் மனிதருக்குச் செய்யக்கூடிய கொடுமையின் எல்லையை அங்கே உணர்ந்தார். எனினும், தம் பணியை விடவில்லை. 1955ஆம் ஆண்டு, 75 வயதை நெருங்கிய நிலையில், இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகளில் நெடும்பயணம் செய்து பார்வையற்றோர் நலனுக்காகப் பேசினார். 1968ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் நாள், 88 வயது நிரம்புவதற்குச் சில நாள்களே இருக்க, இயற்கை எய்தினார்.

நாம் கொள்ள வேண்டியது

மாணவச் செல்வங்களே! பெற்றோர்களே! நம்முள் சிலர் இயல்பாகவே நம்பிக்கை மிக்கவர். சிலர் பட்ட பாட்டினால் எதனையும் ஐயுறுபவர். பின்னவரைக் குறைகூறுதல் முறையன்று. ஆன் சலிவனும் அத்தகையவரே. உலகத்தின்மேல் நம்பிக்கை குறைந்திருந்தும், ஒரு குழந்தையின் கையில் ஒவ்வொரு நாளும் எழுதுவதை அவர் நிறுத்தவில்லை. அக்கை ஓய்ந்திருந்தால், உலகம் போற்றும் ஹெலன் கெல்லரின் நன்னம்பிக்கை தோன்றியே இராது.

ரப்பர்க் கன்றை நட்டவர், பால் காண ஆறு ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பதை நம் தோட்டத்துப் பெற்றோர் நன்கறிவர். நடும்போது மனம் மகிழ்ந்திருந்ததா, சோர்ந்திருந்ததா என்று கன்று கேட்பதில்லை. களை எடுத்தார்களா என்பதே அதற்கு வேண்டும். பிள்ளைகளின் கல்வியும் அத்தகையதே. ஆகவே, நாம் எக்கூற்றினர் என்னும் வினாவோடு நின்றுவிடாமல், இன்று செய்ய வேண்டியதை இன்று செய்தோமா என்றும் நாள்தோறும் நம்மை வினவிக் கொள்வோமாக!