உயிருள்ள பல்லுக்குப் பொன் மூடி: பிலிப் ஃபாஃப்

அரநாயக்கப் பக்கத் தோட்டங்களில் பல் வலித்தால் முதலில் கராம்பு. அதற்கும் அடங்காவிட்டால் மாவனல்லைக்குப் பஸ் ஏறிப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வருவது. வன்னியில் இடம்பெயர்ந்து திரிந்த நாட்களில் பலருக்கு அந்த வழியும் இருக்கவில்லை. வலிக்கிற பல் பிடுங்க வேண்டிய பல் என்பது நம்மிடம் ஊறிப்போன எண்ணம். ஏறத்தாழ 270 ஆண்டுகளுக்கு முன்பே அதற்கு மாற்றுவழி தேடியவர் பிலிப் ஃபாஃப்.

1713இல் பெர்லினில் பிறந்த இவர், பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக்கின் அரண்மனைப் பல் மருத்துவராக உயர்ந்தார். பல் பிடுங்குவது அப்போது நாவிதர்களும் ஊர்சுற்றிகளும் சந்தைகளில் செய்த வேலை. பிரான்ஸில் பியர் ஃபோஷார் 1728இல் நூல் எழுதி அதை மருத்துவமாக்கினார். ஜேர்மன் மொழியில் அந்தப் பணியை 1756இல் ஃபாஃப் செய்தார். அதே ஆண்டில் அவருடைய மன்னரின் படை சக்சனிக்குள் புகுந்தது. ஏழாண்டுப் போர் மூண்டது.

மெழுகில் அச்செடுத்துச் சாந்து வார்த்துப் பல்லின் மாதிரி செய்யும் முறையை அந்த நூல் விளக்கியது. அதைவிடப் பெரியது இன்னொன்று. பல்லின் நடுவே நரம்பும் இரத்தக்குழாயும் உள்ள மென்மையான பற்கூழ் இருக்கிறது. சொத்தையை அகற்றும்போது அது வெளியே தெரிந்தால், நரம்பில் அழுத்தாதபடி குழிவாக்கிய சிறு பொன் தகட்டால் மூடி, மேலே அடைக்கச் சொன்னார். பற்கூழை மூடிக் காக்கும் சிகிச்சையின் முன்னோடியாகப் பல் மருத்துவ வரலாறு அவரையே சொல்கிறது.

கிருமிகள் நோய் தரும் என்பதை அறியாமலே அவர் 1766இல் பெர்லினில் காலமானார். 1920இல் ஹெர்மன் என்ற ஜேர்மானியர் கல்சியம் ஹைட்ரொக்சைட்டைப் பல் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார். 1965இல் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளில் திறந்த பற்கூழ் தானாகவே ஆறியது அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. பற்கூழைக் கொல்வது கிருமி என்று அப்போது தெளிவாயிற்று. எம்.டி.ஏ. என்ற சீமெந்து 1990களில் வந்தது. 10 ஆண்டுகள் வரை கவனித்த ஹைடல்பேர்க் ஆய்வொன்றில், அதனால் மூடிய 10 பற்களில் சுமார் 8 நிலைத்தன. கல்சியம் ஹைட்ரொக்சைட்டில் சுமார் 6.

குளிர் பட்டுக் கூசி உடனே அடங்கும் பல்லில் பெரும்பாலும் பற்கூழ் உயிரோடுதான் இருக்கும். இரவெல்லாம் தானாக வலிக்கத் தொடங்குமுன் போனால் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். அரச வைத்தியசாலைக் கதிரையில் உட்காரும்போது, பிடுங்காமல் காப்பாற்ற முடியுமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.