பெனோ குட்டன்பேர்க்

பெனோ குட்டன்பேர்க் (ஜூன் 4, 1889 - ஜனவரி 25, 1960) ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய நிலநடுக்கவியலாளர் ஆவார். புவியின் உள்ளகம் தொடங்கும் ஆழத்தைத் துல்லியமாகக் கணித்தவர். சார்லஸ் ரிக்டருடன் இணைந்து நிலநடுக்கங்களை அளவிடும் முறைகளை வளர்த்தெடுத்தார். இவர் வகுத்த இரு அளவுகள், நிலத்தடி அணுகுண்டுச் சோதனைகளை நிலநடுக்கங்களிலிருந்து பிரித்தறியப் பிற்காலத்தில் பயன்பட்டன.

இளமையும் கல்வியும்

டார்ம்ஸ்டாட் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை சோப்புத் தொழிற்சாலை உரிமையாளர். கெட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் எமில் வீச்சர்ட்டின் மாணவராக 1911 இல் முனைவர் பட்டம் பெற்றார். அதன்பின், நில அதிர்வு அலைகள் வந்தடையும் நேரங்களை ஆராய்ந்து, புவியின் உள்ளகம் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்குவதாகக் கணித்தார். இன்று ஏற்கப்படும் மதிப்பும் இதிலிருந்து மிகச் சிறிதளவே வேறுபடுகிறது.

இடப்பெயர்வு

முதலாம் உலகப் போரில் ஜெர்மானியப் படையில் வானிலையாளராகப் பணியாற்றினார். போருக்குப் பின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரம் பிரான்சின் வசமானதால் அங்கிருந்த பதவியை இழந்தார். 1926 இல் பிராங்க்பர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானபோதும் அவ்வருமானம் போதவில்லை. தந்தையின் தொழிற்சாலையை நடத்திக்கொண்டே ஓய்வு நேரங்களில் ஆய்வு செய்தார். 1928 இல் வீச்சர்ட் இறந்தபின் அவரது பதவியும் இவருக்குக் கிடைக்கவில்லை. யூதராக இருந்தது இதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. 1930 இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் அழைப்பை ஏற்று பாசடீனாவில் குடியேறினார். மூன்று ஆண்டுகளில் ஜெர்மனியில் நாசிகள் ஆட்சியைப் பிடித்தனர். 1947 முதல் 1957 வரை பாசடீனா நிலநடுக்கவியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்தார்.

அணு வெடிப்பும் நில அதிர்வும்

ரிக்டர் 1935 இல் வெளியிட்ட அளவுகோல் தெற்குக் கலிபோர்னியாவுக்கு மட்டுமே பொருந்தியது. குட்டன்பேர்க் 1945 இல் அதைத் தொலைதூர நிலநடுக்கங்களுக்கும் விரிவாக்கினார். புவியின் உட்புறமாகச் செல்லும் அலைகளுக்கு ஓர் அளவையும், மேற்பரப்பு வழியே செல்லும் அலைகளுக்கு வேறோர் அளவையும் வகுத்தார். அதே ஆண்டு ஜூலை 16 இல் நியூ மெக்சிகோவில் முதல் அணுகுண்டு வெடிக்கப்பட்டது. அதன் நில அதிர்வுப் பதிவுகளை ஆராய்ந்து 1946 இல் கட்டுரை வெளியிட்டார்.

நிலநடுக்கத்தில் பாறைகள் நீண்ட பிளவு ஒன்றின் வழியே வழுக்குகின்றன. இதனால் வலுவான மேற்பரப்பு அலைகள் எழுகின்றன. வெடிப்போ ஒரு சிறு இடத்திலிருந்து எல்லாத் திசைகளிலும் ஒரே நேரத்தில் வெளிநோக்கித் தள்ளுகிறது. ஆகவே உட்புற அலைகளின் அளவு சமமாக இருந்தாலும், வெடிப்பின் மேற்பரப்பு அலைகள் பொதுவாக மிகவும் வலுக்குறைந்தவை. இவ்விரு அளவுகளையும் ஒப்பிடுவதே இரண்டையும் பிரித்தறியும் முக்கிய முறைகளுள் ஒன்றாகும். எனினும் இது பிழையற்றதன்று. 2006, 2009 ஆம் ஆண்டுகளின் வட கொரியச் சோதனைகளில் வேறுபாடு எதிர்பார்த்த அளவு தெளிவாக இல்லாததால், பிரிக்கும் வரம்பைத் திருத்த வேண்டியதாயிற்று.

மறைவுக்குப் பின்

குட்டன்பேர்க் 1960 இல் காலமானார். 1963 ஆம் ஆண்டின் பகுதியளவுச் சோதனைத் தடை உடன்படிக்கை வளிமண்டலம், விண்வெளி, நீரடி ஆகியவற்றில் நடக்கும் சோதனைகளைத் தடை செய்தது. நிலத்தடிச் சோதனைகளை விட்டுவிட்டது. அவற்றைத் தொலைவிலிருந்து உறுதியாகக் கண்டறிய முடியுமா என்ற ஐயம் இதற்கு ஒரு காரணமாகும். 1996 இல் கையெழுத்துக்கு வைக்கப்பட்ட முழுமையான தடை உடன்படிக்கை, 50 முதன்மை நில அதிர்வு நிலையங்களையும் 120 துணை நிலையங்களையும் கொண்ட கண்காணிப்பு வலையமைப்புக்கு வழிசெய்தது. நிலநடுக்கங்களுக்காக இவர் வகுத்த அளவுகள் அங்கு பெறப்படும் பதிவுகளை ஆராயவும் பயன்படுகின்றன.